இரண்டாவது பிரேக்

கமலநாதனுக்குக் கிள்ளானில் தெரியாத சந்து கிடையாது. ஆனால் ஒரு தெருவின் பெயரும் வாயில் வராது. கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு அவர் வழி சொல்கிற விதமே வேறு.

"செண்டோல் கடையில லெப்ட்டு. அய்யாவு வடைக் கடை தாண்டி யூ டர்ன். நாசி லெமாக் ஆன்டி முன்னால சைட் பார்க்கிங் போடுங்க."

பார்க்கிங் ஒழுங்காக விழுந்தாலும் விழாவிட்டாலும் இருவரும் இறங்கி ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். ஆள் கனம். பயிற்சிப் பள்ளியின் அந்தச் சின்ன விவா கார், அவர் உட்காரும் இடது பக்கமாகச் சாய்ந்தே ஓடும். ஆனால் பொறுமைக்குப் பேர் எடுத்தவர். கமலநாதன் மாஸ்டர் திட்டவே மாட்டார் என்று ஊரெல்லாம் பேச்சு. மற்ற மாஸ்டர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு அழுதவர்கள் எல்லாம் அவரைக் கேட்டுத்தான் வருவார்கள்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது இரண்டு வாரத்துக்கு எதையும் மெல்லக் கூடாது. மூன்று வேளையும் தண்ணீரில் கலக்கிய மாவுப்பால். இடையில் வடிகட்டிய சூப், தண்ணீர். அவ்வளவுதான். வயிற்றைச் சின்னதாக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் ஈரல் சுருங்க வேண்டும். கொழுத்த ஈரல் வயிற்றின் மேல் படுத்துக்கொண்டால் டாக்டரின் கருவிக்கு வழி கிடைக்காது.

இது அவருக்கு இரண்டாவது முறை. முதல் முறை பள்ளி ஆபீஸில் எல்லாரிடமும் சொல்லித் தொலைத்தார். "இனிமே நீ எங்கடா சாப்பிடப் போற? வா, கடைசியா ஒரு தடவ, நான் பெலாஞ்சா, என் செலவு" என்று ஆளாளுக்கு இழுத்துப் போனார்கள். காஜாங்கில் ஒருத்தர் சாத்தே வாங்கிக் கொடுத்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒருத்தர் வாழையிலை போட்டார். அன்பாகக் கூப்பிடுகிறவர்களிடம் எப்படி மாட்டேன் என்பது? சாப்பிட்டுவிட்டு வந்து, மனசாட்சிக்காக மாவுப்பாலையும் குடித்தார். ஆபரேஷன் அன்று கண் விழித்ததும் கை தானாக வயிற்றுக்குப் போனது. தொப்புள் பக்கத்தில் ஒரே ஒரு பிளாஸ்திரி.

"கேமரா விட்டுப் பார்த்தோம். ஈரல் வழி விடல. மத்த ஓட்ட ஒண்ணும் போடாம மூடிட்டோம்," என்றார் டாக்டர். இன்னொரு வாய்ப்புத் தருவதாகவும், அதுவும் இப்படியே போனால் வேறு தேதி கேட்டு வர வேண்டாம் என்றும் சொன்னார். சர்க்கரை ஏறிக்கொண்டிருந்தது. முட்டி இரண்டும் போய்விட்டன. ராத்திரி மூக்கில் மெஷின் மாட்டாமல் படுத்தால் மூச்சு நின்று நின்று வரும்.

அதனால் இந்தத் தடவை ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. யார் கேட்டாலும் "கேஸ்ட்ரிக்" என்றார். கிள்ளானில் கேஸ்ட்ரிக் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள், எல்லாருக்கும் இருக்கிறது. வீட்டிலும் சொல்ல ஆளில்லை. வாடகை அறை. தம்பி ஒருவன் சுங்கை பட்டாணியில் இருந்தான், தீபாவளிக்குப் போன் பண்ணுவான். அட்மிஷன் அன்று துணைக்கு யார் வருவார்கள் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, "தம்பி வருவான்" என்று சொல்லி வைத்தார்.

உணவு ஆலோசனை சொல்கிற பெண் விஷ்ணுப்ரியா சின்னப் பிள்ளை. அவள் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"அங்கிள், பசி வந்தா சண்ட போடாதீங்க. வந்திருக்கறது யாருன்னு பாருங்க."

"யாருன்னா?"

"வயிறா, வாயா, மனசா? கைய வச்சுக் கேட்டுப் பாருங்க லா."

விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்தார். ஆனால் காரில் ஒரு கிறீச் சத்தம் கேட்டால் அது எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் அவருக்குத் தூக்கம் வராது. பசியையும் அப்படித் தேட ஆரம்பித்தார். காலையில் வருவது உண்மையிலேயே வயிறு, குடித்தால் போய்விடும். சாயங்காலம் வருவது பல். ருசி கேட்கவில்லை, கடிக்க ஏதாவது கொடு என்று கேட்டது. ஸ்ட்ராவைக் கடித்துக் கடித்துத் துப்பினார். இன்னொன்று இருந்தது, அதைத்தான் பிடிக்க முடியவில்லை. காரில் போகும்போது திடீரென்று தொண்டையை வந்து பிடிக்கும். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு வடை கேட்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவே இல்லை. வகுப்பு இல்லாத நாள் என்று அதற்கு எப்படித் தெரியும்? யோசித்து யோசித்துப் பார்த்தார், விளங்கவில்லை.

அந்தச் சமயத்தில் அவரிடம் ஓட்டிக்கொண்டிருந்தவர் உஷாராணி. பண்டமாரான்காரர், அவரைவிட மூத்தவர். கணவர் ராதாகிருஷ்ணனுக்குச் சர்க்கரையில் கண் மங்கிவிட்டது, வீட்டு வாசலில் அவருடைய பழைய சாகா கார் சும்மா நிற்கிறது. அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப்போகத் தானே ஓட்டியாக வேண்டும் என்று வந்தவர். ரோட்டு டெஸ்ட்டில் மூன்று முறை பெயில். மூன்று முறையும் பக்கத்தில் உட்கார்ந்த ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, அதிகாரி காரணமே இல்லாமல் அவர் பக்கத்துப் பிரேக்கை மிதித்துவிட்டார் என்பது உஷாராணியின் கட்சி. பயிற்சிக் காரில் இடது பக்கமும் ஒரு பிரேக் உண்டு. டெஸ்ட்டில் அதிகாரி அதை மிதித்தால் அங்கேயே கதை முடிந்தது.

அன்று மதியம் துறைமுகச் சாலைச் சந்திப்பு. கன்டெய்னர் லோரி ஒன்று வலதிலிருந்து வந்துகொண்டிருந்தது. கார் நிற்கிற மாதிரி தெரியவில்லை. கமலநாதன் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தார். லோரி காற்றடித்துக்கொண்டு போனது.

அந்த நிமிஷமே தொண்டையில் அது வந்து நின்றது. வழக்கமான வார்த்தையும் கூடவே வந்தது.

"சரிக்கா, பரவால்ல. வாங்க, ஒரு வடை..."

அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. வடை கிடையாது. தேத்தண்ணி கிடையாது. வாயில் போட்டு மூட ஒன்றுமே கிடையாது. திறந்த வாயிலிருந்து வேறு என்னவோ வந்தது.

"லோரியப் பார்த்தா ஏங்க்கா கண்ண மூடறீங்க? ரெண்டு காலையும் தூக்கிடறீங்க! செத்துருப்போம்!"

அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. உஷாராணி வண்டியை ஓரம் கட்டினார். சிக்னல் போட மறக்கவில்லை.

"நான் காலத் தூக்கலியே மாஸ்டர். பிரேக் போட்டேனே. வண்டி நின்னுச்சே."

"நிப்பாட்டுனது நானு."

"இன்னிக்கா?"

கமலநாதன் லோரி போன திசையைப் பார்த்தார்.

"எப்பவுமா?"

"எப்பவும்தான்."

உஷாராணி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "அப்போ அந்த ஜேபிஜே ஆளு... அய்யோ, அந்த மனுசன நான் எவ்வளவு சாபம் விட்டேன் தெரியுமா? பிள்ள குட்டியெல்லாம் சேர்த்து! ஏன் மாஸ்டர் சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்துருவீங்கன்னு."

"பயந்தா கண்ணத் தொறந்து வச்சிருப்பேன். ஒவ்வொரு தடவையும் வடை வாங்கிக் குடுத்து, சூப்பர்க்கா, சூப்பர்க்கான்னீங்க. நானும் சூப்பர்னு நெனச்சேன். உங்களுக்குத்தான் மாஸ்டர் பயம், எனக்கில்ல."

கமலநாதனின் வலது கால் இன்னும் அந்தப் பிரேக் மேலேயே இருந்தது. எடுக்கப் பார்த்தார், வரவில்லை. அப்போதுதான் அவருக்குப் பிடிபட்டது. தொண்டையில் வந்து நிற்கிற அந்த மூன்றாவது ஆள், ஒவ்வொரு முறையும் இந்தப் பெடலை மிதித்த கையோடுதான் வருகிறான். இத்தனை வருஷமாக வந்துகொண்டிருக்கிறான். வந்தவனை யாரென்று பார்க்காமல், வடை கொடுத்து அனுப்பியிருக்கிறார். அதைத்தான் ஊர் பொறுமை என்றது.

உஷாராணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கேஸ்ட்ரிக் இல்லை, ஆபரேஷன் என்றார். ஒற்றைப் பிளாஸ்திரிக் கதையையும் சொன்னார். பெலாஞ்சா என்று ஆரம்பித்துவிடுவாரோ என்று பயமாகத்தான் இருந்தது. அவருக்கோ வேறு கவலை.

"வெட்டுன வயித்த என்ன பண்ணுவாங்க மாஸ்டர்?"

"தெரியலக்கா."

"கேக்கலியா? உங்க வயிறு தானே? தூக்கிப் போட்ருவாங்களா, பாட்டில்ல போட்டு வைப்பாங்களா?"

"நான் என்னத்தக் கண்டேன்?"

"கேளுங்க லா. எனக்குத் தெரிஞ்சாகணும்." என்ஜினைப் போட்டார். "இப்ப பசிக்குதா?"

"ம்."

"எங்க?"

கமலநாதன் தொண்டையைக் காட்டினார். உஷாராணி திரும்பிப் பார்த்து, ஏதோ டயரில் ஆணி குத்திய இடத்தைப் பார்க்கிற மாதிரி தலையாட்டிக்கொண்டு கியரைத் தட்டினார்.

அன்றிலிருந்து வழி மாறியது. கடைகள் இல்லாத சாலைகளாகத் தேடிப் போனார்கள், கிள்ளானில் அது லேசில் கிடைக்கிற சங்கதி இல்லை. கமலநாதன் காலைப் பெடலிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, வாயால் சொன்னார். "லோரி வருது. கண்ண மூடாதீங்க. கிளட்ச். இப்ப பிரேக்கு. மெதுவா." சில நேரம் கத்தினார். உஷாராணியும் திருப்பிக் கத்தினார். ஒவ்வொரு சந்திப்பு தாண்டியதும் அவர் விடாமல் கேட்பார்.

"இப்ப எங்க மாஸ்டர்?"

"தோள்பட்டையில."

"நேத்து தொண்டையில தானே இருந்துச்சு? எறங்குதா, ஏறுதா?"

பசி லேசாக ஒன்றும் போய்விடவில்லை. ஒரு நாள் டிவியில் மாகி மீ நூடுல்ஸ் விளம்பரத்தைப் பார்த்து அறையில் தனியாக உட்கார்ந்து அழுதார். அழுது முடித்த பிறகு, இதற்கு எதற்கு அழுதோம் என்று அவருக்கே ஆச்சரியம். கையை வைத்துப் பார்த்தார். வயிறு பேசாமல்தான் இருந்தது. விளம்பரத்தில் நாலு பேர் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், அதுதான் விஷயம். மறுநாள் காரில் அதையும் சொன்னார். உஷாராணி கேலி பண்ணவில்லை. "அது பசியில்ல மாஸ்டர்," என்று மட்டும் சொல்லி, சிக்னல் போட்டுத் திரும்பினார்.

நாலாவது டெஸ்ட், ஆபரேஷனுக்கு முந்தின வாரக் கடைசியில் வந்தது. உஷாராணி விவாவில் ஏறினார். கமலநாதனின் இடத்தில் அதிகாரி உட்கார்ந்தார். வண்டி கேட்டைத் தாண்டிப் போனது.

கமலநாதன் பள்ளியின் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். இந்த நேரம் பார்த்து இன்னொரு மாஸ்டர் சிவநேசன் ஒரு காகிதப் பையைக் கொண்டுவந்து மடியில் போட்டார்.

"அய்யாவு குடுத்து விட்டாரு. மாஸ்டர் ஏன் கடப் பக்கமே வரல, கோவமான்னு கேட்டாரு. சூடா இருக்கு, சாப்பிடுங்க."

பருப்பு வடை. பைக்குள் எண்ணெய் ஊறிக் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகியிருந்தது. கை உள்ளே போய் ஒன்றை எடுத்துவிட்டது. வாய் முழுக்கத் தண்ணீர். இப்போது உஷாராணி அந்தச் சந்திப்புக்கு வந்திருப்பார். லோரி வருமா? கண்ணை மூடுவாரா? ஒரு வடைதானே. ஒரு வடைக்கா ஈரல் வீங்கிவிடும்? போன தடவையும் ஒன்றில்தான் ஆரம்பித்தது.

வடை உதடு வரைக்கும் வந்துவிட்டது. யாரு வந்திருக்கிறது என்று இடது கையை வயிற்றில் வைத்தார். அங்கே ஒன்றுமில்லை. தொண்டையிலும் இல்லை. குனிந்து பார்த்தார். வலது கால், செருப்பு வளையும் அளவுக்குச் சிமெண்டுத் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. எங்கேயோ ஓடுகிற வண்டிக்கு அவர் இங்கே உட்கார்ந்து பிரேக் போட்டுக்கொண்டிருந்தார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. "என்னங்க மாஸ்டர், கேஸ்ட்ரிக்கா?" என்றார் சிவநேசன்.

காலைத் தூக்கிப் பெஞ்சின் மேல் மடக்கி வைத்துக்கொண்டார். முட்டி வலித்தது, விடவில்லை. வடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு அதன் ஆவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஆறும் வரைக்கும் விவா வரவில்லை.

வந்தது. உஷாராணி இறங்கினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நேராக அவரிடம் வந்து கையைப் பார்த்தார்.

"என்ன அது?"

"வடை."

"கடிச்சீங்களா?"

உஷாராணி அதை வாங்கி, நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பல் பட்டிருக்கவில்லை. அப்படியே தன் வாயில் போட்டு மென்றார்.

"பாஸு," என்றார் வாய் நிறைய.

ஆபரேஷன் காலையில், சுங்கை பட்டாணித் தம்பிக்குப் பதிலாக அந்தப் பழைய சாகா வாசலில் வந்து நின்றது. பின்கண்ணாடியில், புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒட்டுகிற பி ஸ்டிக்கர். கோலாலம்பூர் போகும் பெடரல் நெடுஞ்சாலையில் லோரிகள் இரண்டு பக்கமும் நெருக்கின. கமலநாதன் இடது பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கால எடுங்க மாஸ்டர். அங்க ஒண்ணும் கெடையாது."

குனிந்து பார்த்தார். கால், தரை விரிப்பை அழுத்திக்கொண்டிருந்தது. அது ராதாகிருஷ்ணனின் சொந்தக் கார், அந்தப் பக்கத்தில் பிரேக் ஏது?

"இப்ப எங்க இருக்கு?"

"உங்களோட வர்றப்ப உடம்பு பூராவும் இருக்குக்கா."

"பசியா?"

"பயம்."

"சரி. பேரு தெரிஞ்சுபோச்சுல்ல," என்று சொல்லிவிட்டு, லோரியை முந்திக்கொண்டு போனார். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருந்தன, கமலநாதன் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

கண் விழித்தபோது உதடு காய்ந்திருந்தது. மேலே வெள்ளைக் கூரை. எங்கேயோ தட்டு வண்டி உருளும் சத்தம். கை போர்வைக்குள் போனது. தொப்புள் பக்கத்தில் பிளாஸ்திரி. ஒன்று.

அங்கேயே நின்றுவிட்டது கை. போன தடவையும் இங்கேதான் இருந்தது. நகர்த்தப் பயமாக இருந்தது. பக்கத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"முழிச்சிட்டீங்களா? நான் நர்ஸ்கிட்டக் கேட்டேன் மாஸ்டர்," என்றது உஷாராணியின் குரல். "வாயே தொறக்க மாட்டேங்கறாங்க. சொந்தக்காரங்களான்னு கேக்கறாங்க. அக்கான்னு சொல்லிட்டேன்."

"என்னக்கா கேட்டீங்க?"

"அதான், அது எங்க போகும்னு."

கமலநாதன் விரலை மெதுவாக இடது பக்கம் நகர்த்தினார். இன்னொன்று இருந்தது. அதற்கு மேலே இன்னொன்று.