பத்து நிமிடத் தண்ணீர்

...முதலில் குழாய், அப்புறம்தான் எஞ்சின், மாற்றிச் செய்தால் உள்ளே இருக்கிற ரப்பர் சக்கரம் வறண்டு சுற்றிக் கருகிவிடும் என்று மெக்கானிக் சொன்ன நாளிலிருந்து அவள் ஒருதரம்கூட வரிசையை மாற்றியதில்லை, வரிசையில் தப்பே கிடையாது, தப்பு வேறு இடத்தில்... வேண்டாம், அதை இப்போது எடுக்க வேண்டாம். ட்ரெய்லரில் ஏற்றி நிறுத்திய படகின் பின்னால் குனிந்து, மோட்டார் தண்ணீர் உறிஞ்சும் துளைகளின்மேல், காதைப் பொத்துவதுபோல, இரண்டு ரப்பர் கிண்ணங்களையும் கவ்வ வைத்தாள், ஹோஸைச் சொருகினாள், குழாயைத் திறந்தாள், ஓரங்களில் கசிந்த தண்ணீர் பாதத்தில் சில்லென்று விழுந்தது, எஞ்சின் கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. பக்கத்துத் துளையிலிருந்து ஈர்க்குச்சி கனத்தில் தண்ணீர் பீச்சியது, அந்த முதல் பீச்சலில் விரலை நனைத்து நாக்கில் வைத்தாள். இல்லை. இன்றைக்கும் உப்பு இல்லை.

உப்பு பார்ப்பது அவளாகப் பழகிக்கொண்டது, யாரிடமும் சொன்னதில்லை. உள்ளே ஏறிய உப்பைக் கழுவத்தான் இந்தத் தண்ணீர், கடலுக்குப் போய்வந்த மோட்டாரின் முதல் தண்ணீர் கரிக்கும், பத்து நிமிடம் ஓடிய பிறகு கரிக்காது, அவ்வளவுதான் கணக்கு. முந்தாநாள் கரிக்கவில்லை, சளி பிடித்து நாக்கு செத்துவிட்டது என்று நினைத்தாள். நேற்றும் கரிக்கவில்லை, அடுக்களைக்குப் போய் ஒரு கல் உப்பை வாயில் போட்டுப் பார்த்தாள், சுரீரென்றது, நாக்கில் கோளாறு இல்லை. இன்றைக்கு மோட்டாரின் மூடியையும் தடவிப் பார்த்தாள், உலர்ந்தால் வெள்ளையாகப் படிகிற அந்தப் பொடி இல்லை, வலையில் பாசிதான் ஒட்டியிருந்தது, பச்சையாக, கொழகொழவென்று, ஆற்றுப் பாசி. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி எங்கேயோ, தண்ணீர் அசையாத இடத்தில் புருஷன் படகைக் கட்டிவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை... என்ன செய்துகொண்டிருப்பார்? தூங்குவாரா? கட்டிக்கொடுத்த சோற்றை எத்தனை மணிக்குத் தின்பார்? திரும்பி வந்து, கடல் இன்னிக்குக் கொஞ்சம் முரண்டு பிடிச்சுது, மீன் ஒண்ணும் படல என்று சொல்வதற்கான முகத்தை எந்த வளைவில் மாட்டிக்கொள்வார்?

அவருக்குக் கடல் பயம்தான், வேறென்ன. போன மாதம் மோட்டார் நடுக்கடலில் சூடேறி நின்றுபோய், ஒரு பகலும் ஒரு ராத்திரியும் அலை இழுத்த இழுப்புக்குப் போய், மறுநாள் வேறொரு படகு கட்டி இழுத்து வந்தபோது உதடு வெடித்திருந்தது, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். மெக்கானிக் மோட்டாரைப் பிரித்து, "என்ன அண்ணி, உள்ள உப்பளமே போட்டிருக்கீங்க, வித்தா லாரி வச்சு அள்ளலாம் போல" என்று சிரித்தான், அவன் எப்போதும் அப்படித்தான், சக்களத்தியைத் தினமும் குளிப்பாட்டி விடற ஒரே பொண்டாட்டி நீங்கதான் என்று முன்பெல்லாம் மோட்டாரைக் காட்டிக் கேலி செய்வான். அவர், "பழைய மோட்டார், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு வேறெங்கோ பார்த்தார். அப்பாடா, அவருக்குத் தெரியவில்லை, என்று அவள் நினைத்தாள். நினைத்த அந்த அப்பாடாவை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அது பழசானதால் நிற்கவில்லை. "வீட்டுல சும்மாதானே உக்காந்திருக்க, இதைக்கூடச் செய்ய முடியாதா?" என்று, மோட்டாரைக் கழுவத் தாமதமானதற்கு அவர் கேட்ட அந்தச் சாயங்காலம்... மாமியாருக்குப் படுக்கையிலேயே எல்லாம் எடுத்து, கை கழுவிவிட்டு நிமிர்ந்த நேரம் அது. சும்மாவா? மறுநாளிலிருந்து பத்து நிமிடம் இரண்டு நிமிடமாயிற்று. யாருக்குத் தெரியப்போகிறது, மோட்டாருக்கு வாயா இருக்கிறது? நிறுத்தும்போது உள்ளே ஒரு சின்னக் குளிர்ச்சி, அவரை ஒரு குட்டு குட்டியதுபோல. மாமியார் போய்ச் சேர்ந்த பிறகும், கோபம் ஆறிப்போன பிறகும் கை அந்த இரண்டு நிமிடத்திலேயே நின்றுவிட்டது, மோட்டார் கடலில் நின்ற பிறகுதான் பழையபடி பத்துக்குத் திரும்பியது. ஒரு குட்டுக்கு ஒரு ஆளையே கடலில் விடுவார்களா? விட்டாளே.

"தண்ணி நல்லா வருதா?" ஜன்னலிலிருந்து அவர் குரல்.

"வருதுங்க."

"நல்லா ஓட விடு. இன்னிக்கு ரொம்ப தூரம் போயிட்டேன், உப்பு ஏறியிருக்கும்."

"ஆமாங்க... வெள்ளையாப் படிஞ்சிருக்கு."

ஏன் அப்படிச் சொன்னாள்? சுத்தமான மோட்டாரைக் கழுவிக்கொண்டு நிற்கிறாள், இப்போதே நிறுத்தலாம், நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஆத்துலதானே இருந்தீங்க, பரவாயில்ல, பயமா இருந்தா போக வேணாம் என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஆனால் அந்தப் பயத்தைத் தொட்டால் அதன் மறுமுனையில் அவளுடைய இரண்டு நிமிடமும் கூடவே இழுபட்டு வரும், ஒரே கயிறு, ஒரே முடிச்சு. அதனால் உப்பில்லாத தண்ணீர் ஓடட்டும். மண் குழிந்து, அவள் கால்விரல்கள் சேற்றில் புதைந்தன.

பின்கட்டு வாசலில் அவர் வந்து நின்றார், தோளில் துண்டு, கையில் கடிகாரம் இல்லை. "போதும், நிறுத்து. பத்து நிமிஷம் ஆயிடுச்சு."

"மணி பாத்தீங்களா?"

"மணி எதுக்கு? சத்தம் கேக்குதில்ல. தினம் கேக்கறதுதானே." துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எஞ்சினை நிறுத்தினாள். தினம். தினம் என்றால்... அந்த நாட்களிலும் அவர் அதே ஜன்னலோரத்தில்தானே உட்கார்ந்திருந்தார், சத்தம் கிளம்பி, இரண்டு நிமிடத்தில் அறுந்துபோவதைக் கேட்டபடி. ஒருநாள்கூட ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல், விடிந்ததும் அதே மோட்டாரை எடுத்துக்கொண்டு கடலுக்குப் போனார். எதற்காக? சும்மா என்று சொன்ன வாயால் கேட்க முடியாமலா, அல்லது அவள் எத்தனை நாளுக்கு இப்படிச் செய்வாள் என்று பார்க்கவா... குழாயை மூடவில்லை என்பது வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது, மூடியிருந்த ரப்பர் கிண்ணங்களின் ஓரமாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது, அவள் கை குழாயின்மேல்தான் இருந்தது.