கடுகும் ஈர விரிப்பும்

கண்டக்டருக்கு முதல் பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு. அதற்குள் அவள் குளித்து, மூன்று பேருக்கும் சமைத்து, சீருடை மாட்டி, பணிமனைக்கு நடந்து போய்ச் சேர வேண்டும். கல்யாணமாகி வந்த நான்கு மாதத்தில் இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது. எழுந்ததும் கணவனின் மகள் படுத்திருக்கும் கட்டிலுக்குப் போய் விரிப்பைத் தொட்டுப் பார்ப்பது. பெரும்பாலும் கை ஈரமாகத்தான் திரும்பும்.

அந்தப் பெண்ணுக்கு எட்டு வயது. உருவம் சிறியது, வாய் பெரியது. அதனால் வீட்டில் எல்லோரும் கடுகு என்றே கூப்பிட்டார்கள். அம்மா நோயில் இறந்து மூன்று வருடம். அப்பா லிப்ட் மெக்கானிக். உயரக் கட்டடங்களில் பாதியில் நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதில் கெட்டிக்காரர். வீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் மட்டும் செய்தித்தாளை விரித்துக்கொள்வார்.

கடுகு மூன்று வயதுக்குப் பிறகு படுக்கையை நனைத்ததே இல்லையாம். கல்யாணம் முடிந்த மூன்றாவது வாரம் நனைத்தாள். பிறகு வாரத்தில் ஐந்து நாள் வழக்கமாகிவிட்டது. கண்டக்டருக்கு இதில் சந்தேகமே இல்லை: வேண்டுமென்றே செய்கிறாள். டிக்கெட் எடுக்காமல் இருக்க ஜன்னலில் சாய்ந்து தூங்குவதுபோல் நடிக்கும் முகங்களைப் பதினோரு வருடமாகப் பார்த்தவள் அவள். இதுவும் அந்த வகைத் தூக்கம்தான் என்று முடிவு கட்டினாள்.

ஆறு மணிக்கு மேல் தண்ணீர் கிடையாது என்றாள். கடுகு பல் தேய்க்கும் சாக்கில் குழாயிலேயே வாயை வைத்துக் குடித்தாள். நனைத்ததை நீயே துவை என்றாள். கடுகு அதைச் சுருட்டி, கண்டக்டரின் இஸ்திரி போட்ட சீருடைகளுக்கு அடியில் திணித்தாள். மறுநாள் முழுக்கத் தன் தோளிலிருந்தே வாடை வருவதைச் சகித்துக்கொண்டு கண்டக்டர் டிக்கெட் கிழித்தாள். பக்கத்தில் நின்ற பயணிகள் அரை அடி தள்ளி நின்றார்கள்.

அதற்கு அடுத்த நாள் காலையில் அவள் ஈர விரிப்பை வீட்டுக்குள் உலர்த்தவில்லை. தெருப்பக்கத்து பால்கனிக் கம்பியில், மஞ்சள் வட்டம் வெளியே தெரியும்படி, நான்கு கிளிப் போட்டு மாட்டிவிட்டு வேலைக்குப் போனாள். எட்டு மணிக்குப் பள்ளி வேன் அந்த வாசலில்தான் நிற்கும். வேனில் இருந்த பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பையன் மாடியை எண்ணி, அது யார் வீடு என்று சொன்னான்.

அதன்பிறகு நான்கு நாள் கடுகு வீட்டில் வாய் திறக்கவில்லை. சித்தி என்று அவள் எப்போதுமே கூப்பிட்டதில்லை. விருந்தாளியைச் சொல்வதுபோல் "நீங்க" என்பாள். இப்போது அந்த "நீங்க"வும் நின்றுபோனது. விரிப்பு தொங்கிய அன்று சாயங்காலம் அப்பா வந்து அதை எடுத்து மடித்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லக் கீழ்வீட்டில் ஆள் இருந்தது. இறந்துபோனவளின் அக்கா, கடுகுக்குப் பெரியம்மா. விஷயம் காதுக்கு எட்டியதும் படியேறி வந்தாள்.

"என் தங்கச்சி இருந்தவரைக்கும் ஒரு சொட்டு சிந்தியிருப்பாளா இவ? நீ வந்த, பிள்ளை மிரண்டுபோய்க் கிடக்குது."

"மிரண்டவ என் யூனிபார்முக்குள்ள கொண்டுவந்து சுருட்டி வைப்பாளாக்கா?"

வார்த்தை தடித்தது. மாற்றாந்தாய் என்ற சொல் இரண்டு முறை வந்து விழுந்தது. கடைசியில் பெரியம்மா கடுகின் பையைத் தூக்கிக்கொண்டாள். தன் வீட்டில் வைத்துக்கொள்வதாகவும், அன்பாகப் பார்த்துக்கொண்டால் பிள்ளை எப்படித் தூங்கும் என்பதை ஊரே பார்க்கட்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். கடுகு திரும்பிக்கூடப் பார்க்காமல் அவள் பின்னால் இறங்கினாள். கண்டக்டர் அன்று நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் காலை கதவு தட்டப்பட்டது. பெரியம்மா, கையில் அதே பை, பக்கத்தில் கடுகு. இரண்டு ராத்திரியும் நனைத்துவிட்டாளாம், புது மெத்தையாம்.

கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் கடுகின் கெண்டைக்காலைப் பார்த்துவிட்டாள். துணி மாட்டும் ஹேங்கர் கம்பியின் தடிமனில் இரண்டு சிவப்புக் கோடுகள். என்ன இது என்று கேட்டாள். கட்டிலில் இடித்துக்கொண்டேன் என்றாள் கடுகு, தரையைப் பார்த்தபடி.

"எதுக்குப் பொய்? நான்தான் ரெண்டு போட்டேன்" என்றாள் பெரியம்மா. "அடியாத மாடு படியாது."

"அப்ப ஒரு மாடு வாங்கி உங்க வீட்ல கட்டிக்குங்க. இது பிள்ளை." கண்டக்டர் கடுகை உள்ளே இழுத்து, பெரியம்மாவின் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள்.

சாத்தியதால் பாசம் பொங்கிவிடவில்லை. அவளுக்கு எரிச்சலாக இருந்தது; கணக்கு உதைத்தது. என்னைப் பழிவாங்க நனைக்கிறாள் சரி. அவள்மேல் உயிரையே விடும் பெரியம்மா வீட்டில் யாரைப் பழிவாங்க நனைத்தாள்? டியூட்டிக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. சில்லறையை இரண்டு பேருக்கு மாற்றிக் கொடுத்தாள். மறுநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, மெக்கானிக்கையும் கடுகையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா சின்ன வயதுக்காரி. சிறுநீரைப் பரிசோதிக்க வாங்கினார், விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தார், வயிற்றை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். ரொம்ப காலம் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைத்தால் இதையெல்லாம் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றார். சர்க்கரையும் இல்லை, கிருமியும் இல்லை. ஆனால் வயிற்றில் ஒரு பக்கம் கல்லுபோல் இருந்தது. எத்தனை நாளைக்கு ஒருமுறை மலம் கழிக்கிறாள் என்று கேட்டார். பெரியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாலு நாளைக்கு ஒரு தடவை" என்றாள் கடுகு.

"ஸ்கூல்ல பாத்ரூம் போவியா?"

"போகமாட்டேன்."

"ஏன்?"

கடுகு கதவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், பிறகு டாக்டரிடம் மட்டும் சொல்வதுபோல் குரலை இறக்கினாள். "தாழ்ப்பாள் இல்ல. பெரிய அக்காங்க தள்ளித் திறந்துட்டு சிரிப்பாங்க."

வகுப்பைப் புதுக் கட்டடத்துக்கு மாற்றியதிலிருந்து அப்படித்தானாம். கல்யாணம் நடந்த அதே மாதம். பாத்ரூம் போகாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதையும் விட்டிருந்தாள். பாட்டில் கொண்டுபோனபடியே திரும்பி வரும். வீட்டுக்கு வந்ததும் தாகத்தில் மொத்தத்தையும் சாயங்காலம் குடிப்பாள். மலம் இறுகிச் சிறுநீர்ப்பையை அழுத்துகிறது, அழுத்தும்போது பை கொஞ்சம்தான் தாங்கும், தூக்கத்தில் அவளுக்கு அது தெரியவே தெரியாது என்று டாக்டர் விளக்கினார். வீட்டுக்குப் புது ஆள் வந்த கலக்கமும் கொஞ்சம் சேர்ந்திருக்கலாம் என்றார். தூங்குகிற பிள்ளை வேண்டுமென்று எதையும் செய்ய முடியாது, திட்டினால் கூடுமே தவிரக் குறையாது என்று அவர் சொன்னபோது கண்டக்டருக்கு முகம் சுட்டது. தன்னைவிடப் பத்து வயது குறைந்தவள் தன்னைக் கூப்பிட்டு வைத்துப் பாடம் நடத்துவதுபோல் இருந்தது.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இது இருந்ததா என்று டாக்டர் கேட்டார். மெக்கானிக் மேலே சுற்றிய மின்விசிறியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எனக்கு. பத்து வயசு வரைக்கும்."

வெளியே பஸ் நிறுத்தத்துக்கு வரும்வரை கண்டக்டர் பொறுத்தாள். கடுகு இரண்டடி தள்ளிப் போஸ்டர் படித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு மாசமா நான் இவகூட மல்லுக்கட்டுறேன். நீங்க பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

"சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"மீசை முளைச்ச உங்களுக்கே வெட்கம். அவளுக்கு இருக்காதா?"

சொல்லி முடித்ததும் அந்தக் கேள்வி பால்கனிக் கம்பியில் போய் நின்றது. பஸ்ஸில் கடுகு ஜன்னலோரம், கண்டக்டர் அவள் பக்கத்தில். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் கண்டக்டர் தொண்டையைச் செருமினாள்.

"விரிப்பைத் தெருவுல காயப்போட்டது தப்பு."

"தெரியும்" என்றாள் கடுகு, ஜன்னலைப் பார்த்தபடி.

இன்னும் இரண்டு நிறுத்தம். டெர்மினஸில் பெண்களுக்குப் பாத்ரூம் இல்லை என்பதையும், தானும் காலையிலிருந்து இரண்டு மணிவரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை என்பதையும் கண்டக்டர் யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

கடுகு முதல்முறையாகத் திரும்பினாள். "அப்ப நீயும் பெட்ல போவியா?"

"இல்ல. எனக்கு ஒண்ணுக்குப் போனா எரியும்."

கடுகு அதை யோசித்துப் பார்த்தாள். தாழ்ப்பாள் விஷயமாக நாளைக்கு ஸ்கூலுக்கு வரப்போவதாகக் கண்டக்டர் சொன்னாள். அங்கே வந்து அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்றாள் கடுகு. எந்த வார்த்தை என்று கண்டக்டர் கேட்கவில்லை.

மறுநாள் கண்டக்டருக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் சீருடையோடே பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியர், தாழ்ப்பாள் விஷயமாக மேலே எழுதியிருப்பதாகவும், உத்தரவு வர வேண்டும் என்றும் சொன்னார். தன் கணவர் அரைமணி நேரத்தில் இலவசமாக மாட்டிக் கொடுப்பார் என்றாள் அவள். பள்ளிச் சொத்தில் வெளியாள் கைவைக்க முடியாது என்றார் அவர்.

"சரி சார். உத்தரவு வர்றவரைக்கும் என் பொண்ணு உங்க ரூம் பாத்ரூமுக்குப் போவா. உங்க கதவுல தாழ்ப்பாள் இருக்கு, பார்த்துட்டேன்."

நெரிசல் பஸ்ஸின் பின்படிக்கட்டுவரை எட்டும் குரல் அது. வராந்தாவில் போன டீச்சர்கள் நின்றுவிட்டார்கள். படுக்கையைப் பற்றி அவள் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. எல்லாக் கதவுகளுக்கும் அந்த வாரமே தாழ்ப்பாள் வந்தது. உத்தரவு வந்ததா என்று தெரியவில்லை. அந்தப் பள்ளியில் அதன்பிறகு யாரும் கடுகைப் பார்த்துச் சிரித்ததும் இல்லை.

விஷயம் கடுகின் காதுக்கும் போயிருந்தது. "நான் உன் பொண்ணுன்னு சொன்னியாம். நான் இல்ல."

"சரி."

"சும்மா சொன்னியா?"

"கோவத்துல சொன்னேன்."

வீட்டு வழக்கங்கள் மாறின. தண்ணீர் காலையிலும் மதியமும் நிறைய, சாயங்காலம் தாகத்துக்கு மட்டும். மலம் இளக டாக்டர் கொடுத்த மருந்து, தினமும் பழம், சாப்பிட்டதும் பத்து நிமிடம் கழிவறையில் காலுக்கு ஒரு முக்காலி வைத்து உட்காருவது. படுக்கும் முன் ஒருமுறை, விளக்கணைக்கும் முன் இன்னொரு முறை சிறுநீர். மெத்தைக்கு ரப்பர் விரிப்பு. காலண்டரில் நனையாத நாளுக்குக் குறி போடக் கூடாது, அது பிள்ளையின் கையில் இல்லை. தண்ணீர் குடித்ததற்கும் பாத்ரூம் போனதற்கும்தான் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பொறுப்பு மெக்கானிக்குக்கு. ஒரு நாள் மறந்தாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் திட்டு விழுந்தது.

இரண்டு மாதத்தில், வாரத்துக்கு ஐந்து நாள் என்பது ஒரு நாளானது. தான் போட்ட அடி பலித்துவிட்டது என்று பெரியம்மா அண்டை வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். படிக்கட்டில் எதிரே வந்தால் கண்டக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டே இறங்குவாள்.

ஒன்பது நாள் தொடர்ந்து உலர்ந்திருந்த பிறகு ஒரு காலை மறுபடி ஈரம். கடுகே சமையலறைக்கு வந்து சொன்னாள். கண்டக்டர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து மெத்தையிலிருந்து விரிப்பை உருவினாள்.

"டாக்டர் திட்டக் கூடாதுன்னு சொன்னாங்க" என்றாள் கடுகு, தலையணை உறையைக் கழற்றியபடி.

"நான் திட்டலயே."

"உன் முகம் திட்டுது."

"எனக்கு இருக்கிற முகம் இதுதான். பிடிக்கலைன்னா சுவரைப் பாரு."

கடுகு சுவரைப் பார்க்கவில்லை. ரப்பர் விரிப்பைத் துடைத்து, புது விரிப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, சீக்கிரம் இழு, பஸ் போயிடும் என்று அதட்டினாள். அன்று கண்டக்டர் பணிமனைக்கு நான்கு நிமிடம் தாமதம். நேரக் காப்பாளர் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டார். அவள் அதைவிடச் சத்தமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையிலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவர் எதிரிலேயே பாதியைக் குடித்தாள். டெர்மினஸில் பெண்களுக்குப் பாத்ரூம் எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டாள். அவர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் பஸ்ஸில் ஏறி விசில் ஊதினாள்.