மணிக்கட்டுச் சூடு

அந்த ஸ்மார்ட் வாட்ச் வீட்டுக்குள் நுழைந்த நாளிலிருந்தே இளங்கோவுக்கு அதைக் கண்டால் ஆகவில்லை. அவன் மனைவி நித்யஸ்ரீ பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனி ஒன்றில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். பெரிய ஆர்டர் ஒன்று சொன்ன தேதியில் கப்பலேறிய சந்தோஷத்தில், எல்லோர் முன்னாலும் மேனேஜர் மகுடேஸ்வரன் அவளுக்குக் கொடுத்தது அது. இளங்கோ வேலம்பாளையத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவன். அவனுக்கு இதுவரை யாரும் எதுவும் கொடுத்ததில்லை.

சோறு போடும்போது வாட்ச் அதிரும். நித்யஸ்ரீ கரண்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு மணிக்கட்டைத் திருப்பிப் பார்ப்பாள். உதட்டோரம் சின்னதாக ஒரு சிரிப்பு வந்து போகும். அந்தச் சிரிப்புதான் இளங்கோவை முள்ளாகக் குத்தியது.

"ஆரு?"

"மேனேஜருங்க. துணி கலர் ஓகே ஆயிருச்சாம்."

கலர் ஓகே ஆனதற்கு இவள் எதற்குச் சிரிக்க வேண்டும்? அதைக் கேட்க வாய் வராது. அதற்குப் பதிலாக வாட்சைக் குறை சொல்வான். கை அரிக்கும், தூக்கம் கெடும், நரம்புக்கு ஆகாது என்று தினம் ஒன்று. அவளும் கேட்டுக் கேட்டுச் சலித்து, பிறகு காதிலேயே வாங்காமல் விட்டுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் அவளுடைய அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. காங்கயம் தாண்டியதும், அவன் இடுப்பைப் பிடித்திருந்த அவள் கையிலிருந்து சட்டையையும் மீறி ஏதோ சுட்டது. வெயில் என்றுதான் முதலில் நினைத்தான். கொஞ்ச தூரம் போனதும் இஸ்திரிப் பெட்டியை ஒட்ட வைத்தது போல் இருந்தது.

"நித்யா, உன்ற வாட்ச் சுடுது. கழட்டு."

"ஆரம்பிச்சுட்டீங்களா? இந்த வெயில்ல எல்லாந்தான் சுடும். இன்னிக்கு கம்பெனில லோடு ஏறுதுங்க, மேனேஜரு கூப்புடுவாரு."

மேனேஜரு. அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. சுடட்டும், பட்டால்தான் புத்தி வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை முறுக்கினான். ஒரு டீக்கடை கண்ணுக்குத் தெரிந்த நேரத்தில் பின்னால் அவள் அலறினாள்.

வண்டியை ஓரம் கட்டினான். அவள் கையை உதறிக்கொண்டிருந்தாள். பட்டையின் கொக்கி வியர்வையில் வழுக்கியது. அது கழலவே இல்லை. இளங்கோ இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். விரல் நுனி பொரிந்தது, விடவில்லை. பட்டை அறுந்து வாட்ச் கையோடு வந்தது. மண்ணில் வீசினான். அதன் முதுகு உப்பிப் பிளந்திருந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. டீக்கடைக்காரர் ஓடிவந்து ஒரு சட்டி மணலை அதன்மேல் கொட்டினார்.

கடைக் குழாயடியில் அவள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மணிக்கட்டில் தோல் சிவந்து, நடுவில் கொப்புளம் எழும்பியிருந்தது. நான்தான் சொன்னேனே என்ற பேச்சு அவன் நாக்கு நுனிவரை வந்தது. கொப்புளத்தைப் பார்த்ததும் அது உள்ளே போய்விட்டது.

"சூடு தெரிஞ்சப்பவே வண்டிய நிறுத்தியிருக்கோணும். வேணும்னுதான் நிறுத்தல" என்றான்.

"தெனமும் அதைய ஏதாச்சும் சொல்லீட்டே இருந்தீங்களா... நெசமாச் சொன்னதும் எனக்கு அதே மாதிரிதான் கேட்டுச்சுங்க."

அப்போது அவள் பைக்குள் போன் அடித்தது. மகுடேஸ்வரன். வாட்ச் செத்தாலும் இந்த ஆள் விடமாட்டான் போலிருக்கிறது என்று இளங்கோவுக்கு வயிறு எரிந்தது.

"கை ஈரமா இருக்குது. நீங்களே பேசுங்க" என்றாள்.

எடுத்தான். தேன் வழியும் குரல் ஒன்றை எதிர்பார்த்திருந்தான். பேசியது பயந்துபோன குரல்.

"அம்மிணி இல்லீங்களா? லோடு பாதி ஏறிருச்சுங்க. ஒரு பெட்டில லேபிள் மாறிக் கெடக்குது. மொதலாளி பக்கத்துலயே நிக்கறாரு. என்ன பண்றதுன்னு கேட்டுச் சொல்லுங்க சாமி."

அதை அவன் அவளிடம் சொன்னான். அவள் தண்ணீரிலிருந்து கையை எடுக்காமலே பதில் சொன்னாள்.

"அந்தப் பெட்டிய மட்டும் எறக்கி வெக்கச் சொல்லுங்க. மத்தது போவட்டும். சரக்கு வாங்கற பையருக்கு நான் மெயில் போட்டுக்கறேன்."

"அப்படியே பண்ணீர்றமுங்க" என்றார் மகுடேஸ்வரன், அவனிடமே உத்தரவு வாங்கியவர் போல.

இளங்கோ போனை அவள் பையில் போட்டான். அவன் ஒருநாள் லீவு போட்டால் அந்த மிஷினில் இன்னொருத்தன் நிற்பான். துணி அதுபாட்டுக்கு இறங்கும். இவளோ ரோட்டோரக் குழாயடியில் நின்று ஒரு லாரியைக் கிளப்பிவிட்டாள். எரிந்த வயிறு அடங்கவில்லை. எரிகிற இடம்தான் வேறு என்று இப்போது தெரிந்தது.

"எனக்குப் பொறாமைதான் நித்யா," என்றான். "அவரு மேலன்னு நானே நெனச்சுட்டிருந்தேன். அவரு மேல இல்ல. உன்ற மேல."

அவள் குழாயை மூடிவிட்டு அவனைப் பார்த்தாள். கண் கலங்கியது. கை எரிச்சலாகவும் இருக்கலாம்.

"சந்தேகமோன்னு இத்தன நாளும் பயந்துட்டு இருந்தனுங்க. ஊட்டுல சிரிக்கறதுக்கே ரோசனையா இருந்துச்சு. பொறாமைன்னா பரவால்லீங்க."

வெள்ளகோவிலில் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய் இருவருக்கும் மருந்து போட்டுக்கொண்டார்கள். காதுகுத்து வீட்டில் கட்டுகளைப் பார்த்து அவள் அண்ணன் ஆறுமுகசாமி பதறினார். இளங்கோவே முழுக்கதையையும் சொன்னான், வண்டியை நிறுத்தாமல் போனதையும் சேர்த்து. அண்ணன் முகம் கடுகடுத்தது. லாரிக் கதைக்கு வந்தபோது இளங்கோவின் குரல் ஒரு முறை உயர்ந்து, பாதியில் கம்மியது. பெருமை பாதி, பொறாமை பாதி. அது நித்யஸ்ரீக்குப் புரிந்தது. கட்டுப் போட்ட விரலால் அவன் பிசைய முடியாதென்று, தானே அவன் இலையில் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, ஸ்பூன் கேட்க எழுந்து போனாள்.