மேசை இருந்த வீடு

1.

"சின்னவ படிக்கிறதுக்குன்னு வீட்ல தனியா மேசை இருக்கா?"

என் தங்கையின் கணக்கு டீச்சர் என்னிடம் கேட்ட இந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை தொடங்கியது. நான் சொன்ன பதில் ஒரே சொல். அதை எழுதுவதற்குள் மூன்று நோட்டுகள் தீர்ந்துவிட்டன.

[நோட்டுகள் தங்கையுடையவை. வருஷக் கடைசியில் மிஞ்சும் வெள்ளைத் தாள்களில் எழுதுகிறேன். துணிமூட்டைக்கு அடியில் ஒளித்து வைக்கிறேன். யாருக்கும் தெரியாது.]

2.

முதல் தொடக்கம்: ஏழ்மையிலும் அறிவில் சிறந்த ஒரு சிறுமி இருந்தாள். அவள்

அடித்துவிட்டேன். சின்னவள் கணக்கில் தொண்ணூற்றாறு வாங்குகிறவள்தான். ஆனால் கதைகளில் வரும் ஏழைச் சிறுமிகளைக் குளிக்க வைக்க யாரும் சண்டை போடுவதில்லை.

இரண்டாவது: எங்கள் வீடு ஒரே அறை. அதில் பாதியை ஒரு மேசை அடைத்துக்கொண்டிருக்கிறது.

இது நிற்கட்டும். அது இஸ்திரி மேசை. அம்மாவும் நானும் மாறி மாறித் தேய்ப்போம். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நான் வந்து நின்றது அதன் முன்னால்தான். சின்னவள் மேசைக்கு அடியில் உட்கார்ந்து படிப்பாள். மேலே இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் மேசைக் காலில் சாய்ந்திருக்கும் அவள் கையும் ஆடும்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா தேய். வட்டம் போட்டா முட்டையா வருது."

"அப்ப முட்டைக்கு கணக்கு போடு."

3.

பள்ளி விடுதியில் இடம் கேட்டிருந்தோம். அங்கே ஆளுக்கொரு மேசை, விளக்கு, பேச்சுச் சத்தமில்லாத இரண்டு மணி நேரம். இடம் கொடுக்கும் முன் டீச்சர் வந்து வீட்டைப் பார்ப்பார்.

"டீச்சர் வராங்க. வீட்டை வீடு மாதிரி வை" என்று சொல்லிவிட்டு அம்மா துணி கொடுக்கப் போனாள்.

வைத்தேன். மூட்டைகளைப் பக்கத்து வீட்டுக்கு மாற்றினேன். இஸ்திரிப் போர்வையை உருவி, மேசையைத் துடைத்து, சின்னவளின் புத்தகங்களை உயர வாரியாக அடுக்கினேன். டீச்சர் கொண்டுவரும் விடுதிப் படிவத்தில் வீட்டில் இல்லாத ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி என்று எங்களுக்குத் தெரியாது. இல்லாததற்கு மார்க் போடும் பரீட்சை அது. நானோ அன்று காலை முழுக்க உட்கார்ந்து அதில் தோற்பதற்குத் தயாராகியிருக்கிறேன்.

டீச்சர் எனக்கும் கணக்கு எடுத்தவர். பேனா மூடியைக் கடித்தபடி சுற்றிப் பார்த்தார்.

"நல்லா இருக்கியாம்மா? உன் கையெழுத்து இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு."

பிறகுதான் அந்தக் கேள்வி.

"இருக்கு டீச்சர்" என்றேன்.

4.

இந்த அக்கா பாத்திரத்தை என்னால் நம்ப முடியவில்லை. ஏன் அப்படிச் சொன்னாள்? தங்கையைப் பிரிய மனமில்லை என்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வாசிக்க நன்றாக இருந்தது. பொய். வெட்கம், அவ்வளவுதான். பள்ளியை விட்டவள் வீடு எப்படியிருக்கிறது என்று டீச்சர் பார்க்கிறபோது, அது நன்றாக இருக்க வேண்டும் என்று இருந்தது.

5.

விடுதிப் பட்டியலில் சின்னவள் பெயர் இல்லை. ஒரு புள்ளி குறைவு. படிக்க மேசை இருக்கிறது என்று படிவத்தில் இருந்ததாம்.

"இல்லாத மேசைய டீச்சர் எங்கேர்ந்து கொண்டு வந்தாங்க? பொய் எழுதியிருக்காங்க" என்றாள் சின்னவள்.

"பெரியவங்கள அப்படிச் சொல்லாதடி" என்றாள் அம்மா.

"பதில் சொன்னவங்க எழுதிக் கொடுத்தா திருத்துவாங்களாம். வெள்ளிக்கிழமைதான் கடைசி. அக்கா, நீதானே வீட்ல இருந்த? என்ன சொன்ன?"

"ஞாபகமில்ல" என்றேன்.

[முதல் பொய்க்காவது ஒரு மேசை இருந்தது.]

6.

முடிவு, ஒன்று: அக்கா பள்ளிக்குப் போய் உண்மையைச் சொல்கிறாள். வாசல் வரை எழுதிவிட்டேன். "யாரைப் பார்க்கணும்?" என்று காவலாளி கேட்டார். அவள் வாயிலிருந்து

அதற்கு மேல் வரவில்லை. எனக்கு வராதது அவளுக்கு எப்படி வரும்?

முடிவு, இரண்டு: டீச்சர் தானாகவே இன்னொரு நாள் வந்து, மேசைக்கு அடியில் சின்னவளைப் பார்த்துவிடுகிறார். கதைகளில் வருவார்கள். எங்கள் டீச்சர் ஏற்கெனவே அறுபது வீடு ஏறி இறங்கியவர்.

7.

இந்தப் பகுதி ஒரு முழுப் பக்கம். 'மதிப்பிற்குரிய டீச்சருக்கு' என்று தொடங்கி, என் கையெழுத்தோடு முடியும். இந்த நோட்டில் இப்போது அது இல்லை. தையல் ஓரத்தில் கிழிந்த விளிம்பு மட்டும் இருக்கிறது.

8.

இன்று வெள்ளி. காலையில் அவள் சீருடையைத் தேய்த்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்தேன்.

ஒரு கையை மட்டும் சட்டையில் நுழைத்தபடி அவள் வாசித்தாள். முதல் பக்கத்திலிருந்தே வாசித்தாள். நான் ஏற்கெனவே தேய்த்த தலையணை உறையை மறுபடி தேய்த்தேன். குளிப்பதைப் பற்றிய வரியில் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கடைசியில் டீச்சருக்கு எழுதிய அந்தப் பக்கத்தைக் கிழித்தாள். நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

அதை டீச்சரிடம் கொடுப்பாளா, தெருமுனைத் தொட்டியில் போடுவாளா, இனி என்னை அக்கா என்று கூப்பிடுவாளா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாள் என்றாவது நான் எட்டிப் பார்த்திருக்கலாம். கையில் பெட்டி சூடாக இருந்தது.

தினமும் "வரேன்க்கா" என்பாள். இன்று செருப்பை மாட்டிக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் போனாள்.