ஷட்டரைத் திறப்பது யார்

அணையின் ஷட்டர் திறந்தால் ஆற்றோரத்தில் முதலில் முழுகுவது என் மரப் பட்டறைதான். கீழே பட்டறை, மாடியில் அக்காவின் வீடு. சனமெல்லாம் காலையிலேயே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போயாகிவிட்டது. என் இயந்திரங்கள் மட்டும் உள்ளே கிடந்தன. என் பிழைப்பே அவைதான். லாரிக்குச் சொல்லியிருந்தேன், வந்துகொண்டிருந்தது. எனக்கு வேண்டியது அரை மணி நேரம்.

ஷட்டரைத் திறக்கிற வேலை யாருடையது என்கிறீர்கள்? சாட்சாத் என் அக்காவுடையது. அந்தத் தெம்பில்தான் மழையோடு மழையாக அணைக்கு ஓடினேன்.

அக்கா சுவிட்சுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அறையின் ஒரே ஜன்னல் ஆற்றுப் பக்கம் இருந்தது. அணையின் நீர் அங்கிருந்து தெரியாது.

"அரை மணி நேரம் தள்ளிப் போடுக்கா."

"நான் எங்கடா தள்ளிப் போடறது? திறன்னு சொன்னா திறப்பேன். அந்தப் பக்கம் தண்ணி எவ்வளவு நிக்குதுன்னே எனக்குத் தெரியாது. மாடியில இன்ஜினியர் மேடம் இருக்காங்க, போய்க் கேளு."

மேடம் சின்ன வயதுக்காரர், வெளியூர். மேசையில் ஒரு போனும் ஓர் அட்டவணையும் தவிர வேறொன்றும் இல்லை.

"தண்ணி இந்த அளவு வந்தா இவ்வளவு திறக்கணும்னு எப்பவோ முடிவு பண்ணிட்டாங்க சார். அளவைச் சொன்னாங்கன்னா நான் உத்தரவு குடுத்தே ஆகணும். விட்டா அணையே தாங்காது."

"மேடம், என் பட்டறை..."

"எங்க இருக்குன்னு சொல்லாதீங்க, ப்ளீஸ். தெரிஞ்சா உத்தரவு குடுக்க எனக்கு வாய் வராது."

அணைச் சுவரின் கோடியில் ஒரு கூண்டு மாதிரி அறை. நீர்மட்டம் பார்க்கிறவர் அங்கே இருந்தார். அவரை எல்லோரும் 'அளவுகோல்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அண்ணே, ஒரு விரக்கடை கொறச்சுச் சொல்லுங்கண்ணே."

அவர் சுவரில் இருந்த கோடுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொறச்சா உனக்கு நல்லதா கெட்டதான்னு எனக்கு எப்படித் தம்பி தெரியும்? எத்தனை அடி திறப்பாங்கன்னு என்கிட்ட யாரும் சொன்னதில்ல. எதுவானாலும் மேடத்தைக் கேளு." சொல்லிவிட்டு, என் கண் முன்னாலேயே போனை எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. அவரைக் கேள், இவரைக் கேள் என்று மூன்று பேரும் சேர்ந்து என்னைப் பந்தாடுகிறார்கள். அரசாங்க ஆபீஸ் புத்தி எங்கே போகும்? காலைப் பிடிக்கலாம் என்றால் அதற்கும் ஓர் ஆள் வேண்டுமே. திட்டிக்கொண்டே அக்காவிடம் திரும்பி வந்தேன்.

சங்கு ஊதியது. அக்காவின் போன் அடித்தது.

"மூணாவது ஷட்டர், ரெண்டு அடி. திறக்கறேன்." சாப்பிட வா என்று கூப்பிடுகிற அதே குரல். சுவிட்சை அழுத்தினாள்.

தரை அதிர்ந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். செம்மண் நிறத்தில் தண்ணீர் வீறிட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பட்டறைக் கதவு பிய்ந்துபோனது. லாரி மேட்டிலேயே நின்றுவிட்டது. தண்ணீர் ஏறி ஏறி மாடி ஜன்னலைத் தொட்டது.

வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதையும் மீறி நான் மலைத்துப் போய் நின்றேன். பார்ப்பவருக்கு எத்தனை அடி திறப்பார்கள் என்று தெரியாது, சொல்பவருக்கு ஊர் தெரியாது, திறப்பவளுக்கு அளவு தெரியாது. அவர்கள் தட்டிக்கழிக்கவில்லை. தட்டிக்கழிப்பு என்று நான் நினைத்தது ஒரு சுவர். வெளியே நிற்கும் கல் சுவரைவிட அதுதான் பலமாக இருந்தது. மலை மாதிரி நின்ற தண்ணீரை, தனியாக ஒன்றும் செய்ய முடியாத மூன்று பேர் நகர்த்திவிட்டார்கள்.

அக்கா தன் வீட்டைப் பார்த்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"யாருக்கா இப்படி ஒரு ஏற்பாட்டைப் பண்ணி வெச்சது?"

"யாரு கண்டா. நாம பொறக்கறதுக்கு முன்னாடியே பண்ணது." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா, இந்த நாற்காலியில உட்காரப் போறவளுக்கு ஒரு தம்பி இருப்பான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குடா."