நம்ம நிருபரா, இல்லையா?

விருது வாங்கப் போகிறவள் முகத்தில் கொஞ்சமாவது சந்தோஷம் வேண்டாமா? அவள் முகத்திலோ எள்ளும் கொள்ளும் வெடித்தது.

சிறந்த வெளிநாட்டுச் செய்திக்கான விருது. பக்கத்து நாட்டு அகதி முகாம்களைப் பற்றி அவள் எழுதிய தொடருக்குக் கிடைத்தது. முகாமுக்குள் வெளிநாட்டு நிருபர்களை விடவில்லை. உள்ளே போய், அடிபட்டவர்களிடம் பேசி, பாதிச் செய்தியை எழுதி அனுப்பியவன் அந்த ஊர்ப் பையன். அவளை அக்கா என்பான், அவளுக்கு அவன் தம்பி. உள்ளூர் ஆட்களின் பெயரைப் போடாமல் விடுவது பத்திரிகை வழக்கம். பாதுகாப்புக்காம். நல்ல பாதுகாப்பு! இப்போது அவனை உளவாளி என்று பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். "நான் நிருபர்" என்று அவன் கத்துகிறான். அந்த நாட்டுக் கோர்ட் கேட்டபோது, "எங்களுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை" என்று கைகழுவிவிட்டார் ஆசிரியர். ஆறு கடக்கும்வரைதானே அண்ணன் தம்பி!

மண்டப வாசலிலேயே ஆசிரியர் அவளை மடக்கினார். "மேடையில அவன் பேச்சையே எடுக்காதே. அந்த நாட்டுல இருக்கிற நம்ம கிளை ஆபீஸை இழுத்து மூடிடுவாங்க. வாங்கு, நன்றி சொல்லு, இறங்கு."

"சரிங்க சார்" என்றாள், பரம சாதுவாக.

மேடையேறியவள் கேடயத்தைத் தொடவில்லை. மைக்கைத்தான் பிடித்தாள்.

"இதுல பாதி என் தம்பி எழுதினது. அவன் இப்ப ஜெயில்ல இருக்கான். ஆசிரியர் சார், ஒரே கேள்வி. அவன் நம்ம நிருபரா, இல்லையா?"

முன்வரிசையில் இருந்த ஆசிரியர் அசடு வழிந்தார். "அதை ஆபீஸ்ல பேசிக்கலாம்மா."

"அங்க பேசிப் பேசி என் தொண்டை வறண்டுடுச்சு. நம்ம ஆள் இல்லைன்னா செய்தியும் நம்மளுது இல்ல. விருதைத் திருப்பிக் கொடுத்துடலாமா?"

போட்டிப் பத்திரிகைக்காரர்கள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்கள். நேரடி ஒளிபரப்புக் கேமராக்கள் எல்லாம் ஆசிரியர் பக்கம் திரும்பின. மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"நம்ம நிருபர்தான்."

"சத்தமா, சார். கோர்ட்டுக்குக் கேக்கணும்."

"எங்க நிருபர்தான்!"

அவள் படியிறங்கும்போதே தம்பியின் மனைவி போனில் அழுதாள். "அக்கா, டிவியில பாத்தேன். பதிவு பண்ணி வக்கீலுக்கு அனுப்பிட்டேன்."

ஆசிரியர் பல்லைக் கடித்தபடி பக்கத்தில் வந்தார். "நாளையிலேர்ந்து ஆபீஸ் பக்கம் தலைவச்சுப் படுக்காதே."

"எப்படி சார் வர முடியும்? நாளைக்குக் காலையில பிளேன் ஏறணும். அவனுக்கு நான்தான் சாட்சி."