திரும்பிப் பார்க்காமல் படிக்க வேண்டிய கதை

1

இந்தக் கதை போரடிக்க வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். பாதியில் உங்களுக்குக் கொட்டாவி வந்தால் என் முயற்சி பலித்தது என்று அர்த்தம், மன்னிப்பெல்லாம் கேட்கமாட்டேன்.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளை திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, பெங்களூரில் ஒரு கல்லூரியில், தமயந்தி என்ற பெண் இதை நேரம் வைத்துப் படிக்கப்போகிறாள். பன்னிரண்டு நிமிடம். அதற்குள் படித்து முடித்துப் பத்துக் கேள்விகளுக்கும் பதில் எழுத வேண்டும். எட்டு சரியாக இருந்தால் கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவள் பெயர் வரும். ஏழு என்றால் வராது. போன வாரம் அவள் வாங்கியது ஏழு. அது ஏழோடு நின்றதற்குக் காரணம் நான்.

[முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: ‘மாரிக்குப்பத்தில் கிளம்பிய ரயிலின் ஜன்னலோரம் ஒரு பெண், வெளியே பனிக்குள்—’ நிறுத்திவிட்டேன். பனி வந்தால் யாராவது நின்று பார்ப்பார்கள்.]

2

என் பெயர் மதலைமுத்து. ஆஸ்டின் டவுனில் வீடு. முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன். வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. யூனிஸ் என் மனைவியின் தங்கை, அந்தக் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறாள். ஒருநாள் காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

“மாமா, பசங்களுக்கு ரீடிங் ஸ்பீடு டெஸ்ட் வைக்கணும். நெட்ல இருக்கிற எதைக் குடுத்தாலும் சுருக்கம் போன்லயே வந்துடுது. நீங்க எழுதி எங்கயும் வராத கதை ஒண்ணு குடுங்க. இங்கிலீஷ் நான் பண்ணிக்கறேன்.”

எங்கேயும் வராத கதைகள் என்னிடம் நிறைய உண்டு. அவை எல்லாம் பத்திரிகைகள் வேண்டாம் என்றவை என்று அவளிடம் சொல்லவில்லை. ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தேன். கேள்விகளையும் விடைகளையும் நானே எழுதினேன்.

கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்கு வரும் ஒருவனின் கதை அது. ஆறாவது கேள்வி: புதன்கிழமை அவன் டப்பாவில் இருந்த எலுமிச்சைச் சாதத்தைக் கட்டிக்கொடுத்தது யார்?

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் ‘அம்மா’ என்று எழுதியிருந்தார்கள். நான் எழுதிக்கொடுத்த விடையும் அதுதான். ரித்விக் என்ற மாணவன் நாலே நிமிடத்தில் தாளைக் கொடுத்துவிட்டுப் பத்துக்குப் பத்து வாங்கினான். கதை எதைப் பற்றி என்று யூனிஸ் கேட்டாளாம். “யாரோ ட்ரெயின்ல போறாங்க மேம்” என்றானாம்.*

* இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் கதை சுவாரசியமாகிவிடும். விட்டுவிடுகிறேன்.

நாற்பதாவது தாள் தமயந்தியுடையது. ஆறாவது கேள்விக்கு அவள் ஒரு கேள்வியையே பதிலாக எழுதியிருந்தாள்: ‘திங்கட்கிழமையே அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்களே, புதன்கிழமை எப்படிக் கட்டிக்கொடுத்தார்கள்?’

யூனிஸ் அதைக் கொண்டுவந்து காட்டியபோது சிரித்தேன். பிறகு கதையை எடுத்துப் பார்த்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டாம் பிரதி எழுதும்போது, கொஞ்சம் கண்ணீர் இருக்கட்டும் என்று இரண்டாவது பத்தியில் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன். ஏழாவது பத்தியில், சேர்த்ததை மறந்து, அவளையே சாதம் கட்டவும் வைத்திருக்கிறேன். ஆக, முப்பத்தொன்பது பேரோடு சேர்ந்து நானும் அந்தக் கதையை ஒழுங்காகப் படிக்கவில்லை.

3

அவள் மட்டும் ஏன் அப்படிப் படித்தாள்? அவளும் தங்கவயல் பெண்தான் என்று யூனிஸ் சொன்னதும் கதாசிரியனுக்குக் கை அரித்தது.

[அடித்த வரி: ‘தமயந்தியின் அப்பா சுரங்கத்தில் நுரையீரலைத் தொலைத்தவர். வீட்டுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அவள்தான் அவருக்கு இரண்டு தடவை வாசித்து—’]

“அவங்க அப்பா ராபர்ட்சன்பேட்டையில மொபைல் கடை வெச்சிருக்கார் மாமா. நல்லா இருக்கார். தாத்தாதான் மைன்ஸ்ல இருந்தவர்” என்றாள் யூனிஸ். ஒரு நல்ல சோகம் வீணாகப் போனது. தங்கவயல் என்றாலே யாருக்காவது இருமலைக் கொடுத்துவிடும் பழக்கத்தை நான் விட வேண்டும்.

கடைசியில் போனில் அவளையே கேட்டேன்.

“தப்பு கண்டுபிடிக்கணும்னு படிக்கல சார். அந்தம்மா எப்ப வீட்டுக்கு வந்தாங்கன்னு தேடினேன். முதல்லேர்ந்து மூணு தடவ பாத்தேன். டைம் போயிடுச்சு. கடைசி மூணு கேள்வி எழுதவே முடியல.”

“எதுக்கும்மா அவ்வளவு தேடினே?”

“ஆஸ்பத்திரியில சேத்துட்டு அப்புறம் அவங்க பேச்சையே எடுக்கல நீங்க. என்ன ஆச்சுன்னு தெரிய வேணாமா?”

என் கதையில் வரும் ஆளுக்கு என்ன ஆயிற்று என்று இந்த முப்பது வருடத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது, ஏனென்றால் அந்தச் சந்தோஷத்துக்காக அவளுடைய மூன்று கேள்விகள் போயிருந்தன.

4

தப்பான கேள்விக்கு என்ன செய்வார்கள் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் ஒரு மார்க் போட்டுவிடுவார்கள். போட்டார்கள். அவள் பதில் எழுதிய ஏழும் சரி என்றாகி, ஆறு ஏழானது. ஆனால் தேடியதில் போன நிமிடங்களை எப்படிப் போடுவது? பிளேஸ்மென்ட் ஆபீசர் ஸ்ரீஹர்ஷா “ஆகல்ல மேடம்” என்று கன்னடத்தில் கையை விரித்துவிட்டார். யூனிஸ் விடவில்லை, அவர் அறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கடைசியில் இறங்கிவந்தார்: புதிய கதை, அதே நீளம், அதே பன்னிரண்டு நிமிடம், ஒரே ஒரு தடவை. கதை ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் யூனிஸ் கைக்கு வர வேண்டும்.

உட்கார்ந்தேன். தொலைந்துபோன பூனையைத் தேடித் தெருத்தெருவாக அலையும் ஒரு கணக்கு டீச்சர். இரண்டு பக்கம் தடதடவென்று ஓடியது, நன்றாகவும் வந்தது. அப்போதுதான் உறைத்தது. இந்தப் பெண் பூனையையும் தேடுவாளே. பூனை எங்கே போனது என்று மறுபடி முதலிலிருந்து பார்ப்பாளே. நான் நன்றாக எழுத எழுத, அவளுக்கு வேலை கிடைப்பது தள்ளித் தள்ளிப் போகும்.

பூனையைக் கிழித்துப் போட்டுவிட்டு, அபார்ட்மென்ட் தண்ணீர்த் தொட்டியைக் கழுவும் முறை பற்றி ஒன்று எழுதினேன். எனக்கே தூக்கம் வந்தது. ஆனால் என் பெயரில் அதைக் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. மறுபடி அவளுக்குப் போன் செய்தேன்.

“உனக்கு நல்ல கதை வேணுமா, போர் கதை வேணுமா?”

கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. “போர் கதையே குடுங்க சார். வேலை கெடச்சதும் உங்க நல்ல கதைய லீவு நாள்ல மெதுவா படிச்சுக்கறேன்.”

5

ஆக, இது அந்தப் போர் கதை. தண்ணீர்த் தொட்டிக்கும் பூனைக்கும் நடுவில் ஒன்று. மழை இல்லை, காதல் இல்லை, ஆஸ்பத்திரியில் யாரும் இல்லை.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். இதிலிருந்து என்ன கேள்வி கேட்டாலும் தமயந்திக்கு விடை ஏற்கெனவே தெரியும். அவள் அப்பாவின் கடை எங்கே, அவள் எத்தனை தடவை தேடினாள், எல்லாம் அவளுக்குத் தெரிந்ததுதான். முறையா என்று கேட்டால், முறையில்லை. ‘அம்மா’ என்று எழுதிய முப்பத்தொன்பது பேருக்கும் அவர்களுக்குத் தெரிந்ததே விடையாக அமைந்தது. அவளுக்கும் ஒரு தடவை அமையட்டும். [யூனிஸ், இந்தப் பத்தியை மட்டும் இங்கிலீஷ் பண்ணாதே.]

முடிவு இரண்டு எழுதிப் பார்த்தேன்.

(அ) ஆறே நிமிடத்தில் முடித்துவிடுகிறாள். ஸ்ரீஹர்ஷா தன் வாட்ச் ஓடுகிறதா என்று காதில் வைத்துப் பார்க்கிறார்.

(ஆ) எட்டாவது நிமிடம். எல்லாம் படித்தாகிவிட்டது. ஆனால் அவள் கை முதல் தாளுக்கு—

இதை எழுதி முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அனுப்புவதற்கு முன் இதுவரை எழுதியதை என் மனைவி சோஃபியாவிடம் கொடுத்தேன். தமயந்தி விஷயம் எதுவும் அவளுக்குத் தெரியாது. கொட்டாவி விடுகிறாளா என்று எதிரிலேயே உட்கார்ந்து பார்த்தேன். கடைசித் தாளைப் படித்து முடித்தவள், முதல் தாளுக்குத் திருப்பினாள்.

“எதுக்குத் திருப்பற?”

“அந்தப் பொண்ணு பாஸ் பண்ணாளான்னு பாக்கறேன். எங்கயாவது சொல்லியிருக்கீங்களா, இல்ல நான்தான் கவனிக்காம விட்டுட்டனா?”

எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கதையைப் படித்துவிட்டு சோஃபியா பக்கம் திருப்புகிறாள். அடுத்த நொடியே பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்குத் தமயந்தியும் இதைத்தான் தேடுவாள். தன் ரிசல்ட்டை, பன்னிரண்டு நிமிடத்துக்குள், அது எழுதப்படாத ஒரு கதையில்.

மணி ஐந்து ஐம்பது. மேஜைமேல் இதுவும் இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியும் இருக்கிறது. யூனிஸ் இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். ஒரு தடவைகூடப் பின்னால் போகாமல் இந்த வரிக்கு வந்து சேர்ந்தவராக நீங்கள் இருந்தால் சொல்லுங்கள், இதையே அனுப்பிவிடுகிறேன்.